வினைப்பயனும் வாயில்லா உயிரின் நோயும்

உயிர்கள் எய்தும் இன்ப துன்பங்கள் அவ்வவ்வுயிர்கள் முன் செய்த வினையின் பயனே என்பதும், அப்பயனை அறிவில்லாத வினை தானே கொணர்ந்து ஊட்டமாட்டாது, முற்றறிவும் பேரருளுமுடைய முதல்வனே ஊட்டுவன் என்பதும் சைவசித்தாந்த நூல்களின் துணிபு. இத்துணிபினை ஓதாத சைவர் இலர். ஆயினும், ஓதியதனை வாழ்க்கையில் வைத்துப் பார்க்குங்கால் ஓர் ஐயம் எழுதல் உண்டு. பிறிதோருயிர் நோயுற்று வருந்துகின்றது. அவ்வருத்தம் அதன் வினைப்பயன். அங்ஙனமாயின் அதனை நீக்க முயல்வது இறைவன் ஆணைக்கு மாறாகாதோ? முயலாது வாளா இருத்தல்தான் அவ்வாணைக்கு உடன்பாடாகுமோ? நூலறிவு வாய்ந்த அன்பர் சிலரிடத்தும் இவ்வையம் நிகழக் கண்டுளேம். எம்மிடத்தும் அது நிகழ்ந்தது. நிகழ்ந்தவாற்றையும், அதன்பின் யாம் தெளிந்தவற்றையும் ஈண்டு எழுதத் துணிகின்றேம்.

எம் இல்லத்தின் புழைக்கடையில் ஒரு பெண்பூனை ஈராண்டாகப் பழகி வந்தது. ஒருநாட் காலையில் அஃது உண்டதனைக் கக்கியது. அன்று மாலையில் வைத்த பாலையும் சோற்றையும் முகர்ந்தும் பாராது அகன்றது. மறுநாள் வெறுவயிற்றோடு மஞ்சள் நீராக மும்முறை கக்கிற்று. பின்னர் விறகுக்கட்டின் மறைவிற் சென்று முதுகைக் கூனிக்கொண்டு ஒடுங்கிக் கிடந்தது. அதனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும் என்றார் எம் மனைவியார். யாம், நாற்பதாண்டு பாடஞ்சொல்லிய வாயால், "அஃது அதன் பிராரத்தம், நுகர்ந்தன்றிக் கழியாது, நாம் என் செய்வது?" என்றேம். அதற்கு அவர், "உங்கள் முழங்கால் வலிக்கும் பிராரத்தந்தானே காரணம்? அதற்கு நேற்றுத் தைலம் காய்ச்சித் தரச் சொல்லவில்லையா?" என்றார். எம்பால் விடையில்லை. விடையில்லாமையைச் சினத்தால் மறைத்துக்கொண்டு அன்றும் வாளா இருந்தேம்.

மூன்றாம் நாளில் மருத்துவரிடம் கொண்டு சென்றபொழுது, அவர் பூனையின் வாயைத் திறந்து நாவின் அடியைப் பார்த்தார். ஆண்டு ஒரு நூலிழை சுற்றிக் கிடந்தது. அதன் மற்றை முனை குடலுக்குள் இறங்கியிருந்தது. மேல்முனை நாவிற் பற்றிக்கொள்ளுதலால், குடல் அந்நூலைக் கீழே தள்ள முயலுந்தோறும் தானே மடிந்து சுருங்கி, இறுகிய நூலால் அறுப்புண்ணும் என்றும், வயிற்றைக் கீறியே அதனை எடுத்தல் கூடும் என்றும் கூறினார். அவ்வாறே எடுத்த நூலை எமக்குக் காட்டினார். அது மாலை தொடுக்கும் நூல். எம் பூசையிற் சாத்திக் கழித்த மாலையை, நிர்மாலியத்திற்குரிய முறைப்படி மிதிபடாத இடத்திற் சேர்க்காது, புழைக்கடை மண்மேல் எறிந்து வந்தவர் யாமே. திருமஞ்சனப் பால் தோய்ந்திருந்தமையின் பூனை அதனை மென்றது போலும். குடல் ஈரிடத்தில் துளைபட்டிருந்தது. துளைகளைத் தைத்தனர், நரம்பின் வழியாக நீர் ஏற்றினர். நான்காம் நாள் இரவில் அஃது இறந்தது. இரண்டு நாள் முன்னர்க் கொணர்ந்திருப்பின் பிழைத்தற்கு இடமுண்டு என்று அம்மருத்துவர் மெல்லக் கூறினார்.

இனி, யாம் கூறிய சொல்லை ஆராய்வோம். "அஃது அதன் பிராரத்தம்" என்றது பொய்யன்று. ஆயின் அம்மெய்யை யாம் பயன்கொண்டவாறு பொய். என்னை? பிராரத்தவினை உயிரை வந்தடையும் வாயில்களை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதெய்விகம் என மூவகையாக நம் ஆசிரியர்கள் வகுத்தனர். பிற உயிர்களின் வாயிலாக வருவதும் அவ்வகையுள் அடங்கும். துன்பம் வருதற்குப் பிறவுயிர் வாயிலாமாயின், இன்பம் வருதற்கும் பிறவுயிர் வாயிலாதல் வேண்டும். வினை இருவகை, தீவினை ஒன்றே உடைய உயிர் பிறத்தற்கில்லை. ஆகலின், நோயுற்ற உயிரின் அருகே அதன் துயரைக் காணும் கண்ணும் நீக்கும் கையும் உடையான் ஒருவனை இறைவன் நிறுத்தினானாயின், அவனை அங்கு நிறுத்தியது அவ்வுயிரின் நல்வினையே எனக் கொள்ளுதற்குத் தடை யாது? வாயில் திறந்திருப்பவும் தானே அதனை அடைத்துவிட்டு, "இவ்வீட்டிற்கு வழியில்லை" என்பானது கூற்றையே யாம் கூறினேம்.

அன்றியும், ஓருயிர் நுகரவேண்டிய துன்பம் இவ்வளவினது, இத்துணை நாளினது என்று அளந்தறிவார் யார்? அறிவித்தாலன்றி அறியமாட்டாத சிற்றறிவினையுடைய உயிர், பிறிதோருயிரின் கணக்கைப் படித்தறிந்தாற்போல, "இது நுகர்ந்தே தீரல் வேண்டும்" என விதிப்பது இறைவனுக்கே உரிய அறிவைத் தனக்கு ஏறட்டுக்கொள்ளுதலாம். சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரம், இருவினைக்கு ஈடாக உயிர்கள் போக்குவரவு புரிதல் முதல்வன் ஆணையான் என்று நிறுவியது, ஆணை நம் கையில் இல்லை என்று நாம் உணர்தற்பொருட்டேயாம். அவ்வாணையை நாம் செலுத்துதற்பொருட்டன்று.

வினைக்கொள்கை இரண்டு பயன்களை விளைத்தற்குரியது. தனக்குத் துன்பம் வந்தவழிப் பிறரை நோவாத பொறுமையை விளைத்தல் ஒன்று. பிறர்க்குத் துன்பம் வந்தவழி, யானும் இவ்வாறே வினைவயப்பட்டுப் பல பிறவிகளில் உழன்றேன் என்னும் நினைவால் இரக்கத்தை விளைத்தல் மற்றொன்று. யாம் செய்தது யாது? எம் வலிக்குத் தைலத்தையும் பூனையின் வலிக்குச் சித்தாந்தத்தையும் கொடுத்தேம். நூல் கற்றலறியாத எம் மனைவியார் ஒரு சொல்லாற் சுட்டியது இப்பிறழ்ச்சியையே.

இனி, பெரியோர் ஒழுகலாற்றை நோக்குவோம். சூலைநோய் நாவுக்கரசரை வருத்திற்று. அந்நோய் இறைவனே அவரை ஆட்கொள்ளுதற்குத் தந்தது. அவ்வாறிருந்தும், திருவதிகையில் தம்மை வந்தடைந்த தம்பியாரை நோக்கித் திலகவதியார், "நுகர்ந்து கழிக்க" என்று கூறி வாளா இருந்திலர்; திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றனர். திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது, அந்நாட்டியல்பாகிய குளிர்சுரம் அடியார்களைப் பற்றியது. பிள்ளையார் வினையின் வன்மையை அறியாதவரல்லர்; அறிந்தே அந்நோய் அந்நாட்டினை விட்டகலுமாறு திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் அருளிச்செய்தனர். வினையால் வந்தது நோய் என்பது அதனைத் தீர்த்தற்குத் தடையாமாயின், அத்திருப்பதிகம் தோன்றுதற்கே இடமின்றாம். புள்ளிருக்குவேளூரில் இறைவன் வைத்தியநாதன் என்னும் திருப்பெயர் தாங்கி வீற்றிருத்தலும் பொருளற்றதாய் முடியும்.

இவையெல்லாம் மக்கள் நோய் பற்றியனவன்றோ எனின், திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகட்கு முலைகொடுத்த படலத்தை நினைக்க. தாயை இழந்து பசியால் வருந்திய குட்டிகளின் பொருட்டுச் சொக்கலிங்கப் பெருமான் தாய்ப்பன்றி வடிவு கொண்டருளினான். அக்குட்டிகள் பன்றியாய்ப் பிறந்தது வினையால். தாயை இழந்ததும் வினையால். வினையை ஊட்டும் அவனே பாலையும் ஊட்டினான். முதல்வன் இழிவென்று எண்ணாத உருவைக் கண்டு நாம் முகஞ்சுளித்தல் தகுமோ?

ஈண்டு வேறொரு தடை நிகழும். "நல்வினையும் பொன்விலங்கே, இருவினையொப்பை நாடும் சைவன் இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்கி அமைதல் வேண்டும், பூனையின் பின்னே ஓடுதல் பற்றினை வளர்க்கும்" என்பது அது. இருவினையொப்பாவது, தன்னை வந்தடையும் வினைகளிலும் அவற்றின் பயன்களிலும் விருப்பு வெறுப்பு இன்றி நிற்றல். பிறர் துன்பத்தை ஒப்ப நோக்கிப் பேசாதிருத்தல் அதுவன்று. அது நெஞ்சின் வன்மை. இருவினையொப்பும் மலபரிபாகமும் கடந்து நின்ற சிவயோகியார் ஒருவர், அகத்திய முனிவரைக் காணும் விருப்பினராய்ப் பொதியமலை நோக்கிச் செல்வார், சாத்தனூரின் அருகே ஆயன் ஒருவன் இறந்துகிடப்ப, அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுதலைக் கண்டார். கண்டவர், "பசுக்களின் வினை" என்று கூறி வழிக்கொண்டிலர். அவற்றின் துயர் தீர்த்தற்கு அவ்வாயன் உடலிலே புகுந்து திருமூலராயினார். கருணையால் வழிமாறிய அச்செலவே நமக்குத் திருமந்திரத்தைத் தந்தது. பற்றற்றார்க்கு இரக்கம் இல்லை என்பார் இவ்வரலாற்றுக்கு யாது விடை கூறுவர்? பயன் கருதாது இறைபணியாகச் செய்யுஞ் செயல் கட்டினை விளைப்பதன்று.

மூன்றாவது தடை, "பூனை பிறவுயிரைக் கொன்றுண்பது, அதனைக் காப்பது கொலையைக் காப்பதாம்" என்பது. இதனை எளிதாகத் தள்ளுதற்கில்லை. சைவர் இல்லத்தில் இஃது உண்மையான இடர்ப்பாடு. ஆயினும் புலாலுண்ணல் பூனைக்கு ஒழுக்கக்கேடன்று, அவ்வுடம்பின் அமைப்பு. டாரின் என்னும் சத்தினைப் பூனையின் உடல் தனக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்ள வல்லதன்று. அச்சத்து ஊனிலே உள்ளது. அது குறைந்தவழிப் பூனையின் கண் ஒளி இழக்கும் என்பதனை 1975 ஆம் ஆண்டிலும், நெஞ்சப்பை தளர்ந்து நோயுறும் என்பதனை 1987 ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். யாம் அன்போடு வைத்த பாலும் சோறும் அதற்கு நிறைந்த உணவல்ல. வளர்ந்த பூனைகளுட் பல பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கமாட்டாது கழிச்சலுறும் என்பதும் பின்னரே அறிந்தேம். அதற்குரிய உணவை அளிக்க மனம் ஒவ்வாதார் பூனையை விரும்பிக் கொணர்ந்து வளர்த்தல் தகாது. தானே வந்தடைந்து நோயாற் கிடக்கும் ஒன்றை, அதன் உணவைக் காரணங்காட்டிக் கைவிடுதல் அதனினும் தகாது. புலியைப் படைத்தவனே மானையும் படைத்தான். அவ்விரண்டன் வழக்கைத் தீர்த்தற்கு நாம் நடுவராக அமர்த்தப்பட்டிலேம்.

இரக்கம் மட்டும் அமையுமோ எனின், அமையாது. அறிவும் உடன்வருதல் வேண்டும். அறிவில்லாத இரக்கம் கொல்லவும் கூடும். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே தீர்க்கும் வழியிற் புகுமாறு பணிக்கின்றது. அன்பர்க்குப் பயன்படுமாறு, யாம் மருத்துவர்பாற் கேட்டறிந்தவற்றைச் சுருங்கக் கூறுதும். பூனை தன் மயிரை நக்கி விழுங்கி எப்பொழுதேனும் ஒருமுறை கக்குதல் இயல்பு. பலமுறை கக்கி, உணவையும் வெறுத்து ஒடுங்குமாயின் அஃது இயல்பன்று. குடலடைப்பு, சிறுநீரகக் கேடு, கொடிய தொற்றுநோய், எலிக்கு வைத்த நஞ்சு எனக் காரணம் பலவாம். பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருத்தல் தானே ஒரு நோய்க்கு வித்து. உடற்கொழுப்பு கரைந்து ஈரலிற் படிந்து அதனைச் செயலறச் செய்யும். கொழுத்த பூனைக்கு இவ்விடர் மிகுதி. ஆதலால் ஒருநாள் முழுதும் உண்ணாது பலமுறை கக்கும் பூனையை மேலும் காத்திராது மருத்துவரிடம் கொண்டு செல்க. ஆண்பூனை சிறுநீர் கழியாது முக்குமாயின் அந்நாழிகையே கொண்டு செல்க.

செய்யத்தகாதனவும் உள. வாயிலேனும் எருவாயிலேனும் நூல் தோன்றுமாயின் அதனைப் பற்றி இழுக்கலாகாது. இழுப்பின் குடல் அறுபடும். கக்கும் பூனையின் வாயில் நீரையோ கஞ்சியையோ வலிந்து ஊற்றலாகாது. அது மூச்சுக்குழலுட் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். மக்கள் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்ல வல்லது. அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. வெங்காயமும் உள்ளியும் அதன் குருதியின் செவ்வணுக்களை அழிக்கும். ஆகவே நம் அடுக்களைக் கைம்மருந்து அதற்கு ஆகாது. மருத்துவர் உண்பிக்கலாம் என்ற பின்னர், உணவைச் சிறிதே வெதுவெதுப்பாக்கி, மணம் எழுமாறு, சிறுகச் சிறுகப் பன்முறை வைத்தல் நன்று. கால்நடை மருத்துவக்கல்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னையில் அதற்குரிய கல்லூரி 1903 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. தன் பொறுப்பிலுள்ள விலங்கிற்கு வேண்டாத நோவு நேராமற் காத்தல் ஒருவன் கடமை என 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் விதிக்கின்றது. சட்டம் புறத்தே நின்று கூறுவதனைச் சைவம் அகத்தே நின்று கூறல் வேண்டும்.

இனி, எம்மை இன்றும் விடாது வருத்துவது ஒன்றுண்டு. பூனையின் நோயைப் பிராரத்தம் என்று அதன் கணக்கில் எழுதிய அப்பொழுதே, நூலை எறிந்த எம் கையின் செயலும், வாளா இருந்த இரண்டு நாளும் ஆகாமியமாக எம் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பிறவுயிரின் வினை எம் கையை வாயிலாகக் கொண்டு வந்ததாயினும், அது கையைத் தூய்மையாக்கிவிடாது. ஆக்குமாயின், கொலைஞன் ஒவ்வொருவனும் இறந்தவன் வினையைக் காட்டித் தப்புவான். திருவாரூரில் தன் மகன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று பட்டபொழுது, மனுநீதிகண்ட சோழன் கன்றின் வினையை எண்ணி அமைதி கொண்டானில்லை. அமைச்சர் கூறிய கழுவாயையும் ஏற்றானில்லை. தன் குலத்தின் பிழையென்றே கொண்டான். பிறர் துன்பத்திற்கு அவர் வினையைக் காரணங்காட்டும்பொழுது, அதன்கண் நம் கையும் உண்டோ என்று முதற்கண் ஆராய்தல் சைவன் கடன்.

"முடிவில் அது இறந்ததன்றோ? முயற்சி வீணன்றோ?" எனின், அன்று. பயன் இறைவனதாகலின், பயனைக்கொண்டு பணியை அளத்தல் முறையன்று. இறுதி இரவில் எம் மனைவியார் அதன் அருகே அமர்ந்து, வறண்ட வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது தன் தலையை அவர் கைமேல் வைத்தவாறே உயிர் நீத்தது. அவ்வுயிர்க்கு அந்த இரவில் எய்தற்பாலதாய் ஒரு சிறு நல்வினை இருந்தது. அதற்கு வாயிலாகும் பேறு அவர்க்கு வாய்த்தது. அதே வாயில் இரண்டு நாள் முன்னர் எமக்கும் திறந்திருந்தது. யாம் புகுந்திலேம். அழித்தலும் உயிர்களின் களைப்பை ஆற்றுதற்பொருட்டு நிகழும் அருட்செயலே என நம் ஆசிரியர்கள் கூறுதலால், அவ்வுயிர் இறைவனது திருவடி நிழலில் இளைப்பாறிப் பின்னர் உயர்ந்த பிறவியைத் தலைப்படும் என நம்புகின்றேம். ஆயின் அந்நம்பிக்கை எம் பிழைக்கு மருந்தாகாது என்பதனையும் அறிந்துளேம்.

இப்பொழுது எம் பூசைக்கு நூலால் தொடுத்த மாலையை யாம் கொள்வதில்லை. உதிர்மலரும் வாழைநாரிற் கட்டிய சிறு கண்ணியுமே கொள்கின்றேம். நிர்மாலியத்தை ஒரு மூடிய கூடையிற் சேர்த்து வைத்து, நாரைக் களைந்து, பூவை மட்டும் வில்வமரத்தின் அடியிற் குழியிலிட்டு மூடுகின்றேம். இது பெருஞ்செயலன்று. அன்பர்களும் தத்தம் இல்லத்துப் புழைக்கடையை ஒருமுறை நோக்குவாராக. ஆண்டு நோயுற்றுக் கிடப்பது பூனையேயாயினும், நாயேயாயினும், "இதன் வினை யாது?" என வினாவுதலை விடுத்து, "இதன்பால் என் பணி யாது?" என வினாவுவாராக. முன்னை வினாவிற்கு விடையறிவான் முதல்வன் ஒருவனே. பின்னை வினாவிற்கு விடை நம் கையில் உள்ளது.

எவ்வுயிர்க்கும் அம்மையப்பனாகிய பெருமான், கற்ற நூல் நெஞ்சினை உருக்குதற்கன்றி மறைத்தற்கு ஆகாதவாறு நமக்கு அருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.